மட்டையை வரிசையில் வைத்த நாள் முதல்

தண்டையார்பேட்டையில் நான் குடியிருக்கும் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பின்புறம், சிமெண்ட் தரை போட்ட பழைய இறகுப்பந்துக் கோர்ட் ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அங்கே, சிறிய மட்டையால் துளையிட்ட பிளாஸ்டிக் பந்தை வலைக்கு மேலே அடித்து ஆடும் பிக்கிள்பால் ஆடுகிறார்கள், வெளியாட்களும் வரலாம் என்று அலுவலகத் தம்பி ஒருவர் சொன்ன பிறகும், நான் அங்கே போய் நிற்பதற்கு ஐந்து வாரங்கள் பிடித்தன. எனக்கு வயது 49. துறைமுகத்துக்கு வரும் சரக்குகளுக்குச் சுங்க ஆவணங்கள் தயாரிக்கும் பாரிமுனை அலுவலகம் ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். பள்ளி நாட்களில் இராயபுரத்தில் பூப்பந்தாட்டம் ஆடியவள். பன்னிரண்டாம் வகுப்போடு அது நின்றது. அதன்பின் முப்பது ஆண்டுகள் மட்டை என்று எதையும் கையில் எடுத்ததில்லை. தெரியாத ஆட்டம், தெரியாத ஆட்கள், அவர்களில் பெரும்பாலோர் ஆண்கள், அதிலும் என்னைவிட இளையவர்கள் என்ற தயக்கம்தான் அந்த ஐந்து வாரங்களையும் தின்றது. இப்போது ஓராண்டுக்கும் மேலாக அங்கே போய்க்கொண்டிருக்கிறேன். அதே தயக்கத்தோடு ஏதோ ஒரு கேட்டுக்கு வெளியே நிற்பவர்களுக்கு உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அதற்கு முன்பு, நகரின் வேறொரு பகுதியில் மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் கோர்ட் ஒன்றைத் தொலைபேசியில் விசாரித்திருந்தேன். நான்கு பேராக வந்தால் ஒரு மணி நேரம் ஒதுக்குவோம் என்றார்கள். என் வயதில், என் வேலை நேரத்துக்கு ஒத்துவரக்கூடிய மூன்று பேரை நான் எங்கிருந்து கூட்டிவருவது? தனியாக வருபவரையும் சேர்த்துக்கொள்ளும் பொது ஆட்டம்தான் என்னைப் போன்றவர்களுக்கு வழி என்பது அந்த அழைப்பில்தான் புரிந்தது. இதை ‘ஓப்பன் பிளே’ என்கிறார்கள். ஜோடி சேர்ந்து வர வேண்டியதில்லை. அங்கே இருப்பவர்களோடு அன்றைக்கு ஜோடி அமையும்.

முதல் ஞாயிறு நான் போனபோது மணி ஆறரை. கேட்டருகே இருபது நிமிடம் நின்றேன். யாரையோ தேடி வந்திருக்கிறேன் என்று நினைத்து ஓர் இளைஞர் வந்து, “இன்னாக்கா, யாரப் பாக்கணும்?” என்று கேட்டார். “ஆடலாம்னு வந்தேன்பா” என்றேன். அவர் முகத்தில் வியப்பு எதுவும் தெரியவில்லை. “அப்ப மட்டைய அங்க வைங்கக்கா” என்று மதிலோரத் திண்ணையைக் காட்டினார். என்னிடம் மட்டை இல்லை என்றதும், தம் பையிலிருந்து இன்னொன்றை எடுத்துக் கொடுத்து, “இத வைங்க. வெச்சாதான் உங்க நம்பர் வரும்” என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் பொது ஆட்டத்தின் முறை முழுவதும் அடங்கியிருந்தது.

திண்ணையில் மட்டைகள் வந்த வரிசைப்படி அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. ஆட்டம் முடிந்ததும் நால்வரும் வெளியே வருவார்கள். வரிசையின் முதல் நான்கு மட்டைகளுக்கு உரியவர்கள் உள்ளே போவார்கள். வெளியே வந்தவர்கள் தங்கள் மட்டையைக் கடைசியில் வைப்பார்கள். யாரும் யாரையும் தேர்ந்தெடுப்பதில்லை, யாரும் யாரையும் ஒதுக்குவதும் இல்லை. “என்னையும் சேர்த்துக்கொள்வீர்களா?” என்று புதிதாக வருபவர் கேட்க வேண்டிய தேவையே அங்கே எழுவதில்லை, மட்டை அவருக்காகப் பேசிவிடுகிறது. வடசென்னையில் விளையாட இடம் கிடைப்பது எத்தனை அரிது என்பது இங்கே வளர்ந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். ஒரே மைதானத்தில் மூன்று கிரிக்கெட் ஆட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நடக்கும். வலியவர் பிடித்த இடம் வலியவருக்கு என்றாகி, பெண்களும் வயதானவர்களும் ஓரத்துக்குப் போய்விடுவோம். அப்படிப்பட்ட ஊரில் ஒரு திண்ணையும் பத்துப் பதினைந்து மட்டைகளும் இந்த ஒழுங்கைக் காப்பாற்றுவதை நான் பெரிய விஷயமாகக் கருதுகிறேன்.

ஆனால் வரிசை இருந்தால் மட்டும் போதாது, கணக்கும் வேண்டும். 11 புள்ளி ஆட்டம் ஒன்று எங்களிடம் ஏறக்குறைய கால் மணி நேரம் எடுக்கிறது. இரண்டு மணி நேரத்தில் எட்டு ஆட்டம், ஆட்டத்துக்கு நான்கு பேர் என்றால் 32 இடங்கள். 14 பேர் வந்துவிட்டால் ஆளுக்கு இரண்டு ஆட்டம் கிடைப்பதே பாடு. நடுவில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் உடம்பு ஆறிவிடும், புதிதாக வந்தவர் சலித்துப்போய் அடுத்த வாரம் வரமாட்டார். நான் சேர்ந்த இரண்டாம் மாதம் இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். அதன்பின், பத்துப் பேருக்கு மேல் வந்தால் 7 புள்ளியோடு ஆட்டத்தை முடிப்பது, வெல்ல இரண்டு புள்ளி வித்தியாசம் வேண்டும் என்ற விதியையும் அன்றைக்கு விட்டுவிடுவது என்று முடிவானது. ஆட்டம் ஒன்பது, பத்து நிமிடத்தில் முடிகிறது. ஆளுக்கு மூன்று ஆட்டத்துக்குக் குறையாமல் கிடைக்கிறது. ஒரே கோர்ட்டை வைத்துக்கொண்டு பொது ஆட்டம் தொடங்க நினைப்பவர்கள் முதல் வாரத்திலேயே இதைச் செய்துவிடலாம்.

கோர்ட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிக்கிள்பாலுக்குத் தனி இடம் தேடி அலைய வேண்டியதில்லை. இரட்டையர் இறகுப்பந்துக் கோர்ட்டின் அளவும் இதன் அளவும் ஒன்றுதான்: 44 அடி நீளம், 20 அடி அகலம். மாற வேண்டியவை இரண்டே. முதலாவது, வலையை ஒட்டிய பகுதியின் கோடு. இறகுப்பந்தில் அது வலையிலிருந்து 6 அடி 6 அங்குலம். பிக்கிள்பாலில் 7 அடி. எனவே பழைய கோட்டுக்கு அரை அடி பின்னால் புதிய கோடு போட வேண்டும். நாங்கள் முதலில் சாக்பீஸால் போட்டோம். ஒரு மழைக்குத் தாங்கவில்லை. பிறகு ஒருவர் பெயின்ட் வாங்கி வந்தார். கோட்டை வேறு நிறத்தில் போடுவது அவசியம்; இரண்டும் வெள்ளையாக இருந்தால் எந்தக் கோட்டை மிதித்தோம் என்ற தகராறு தீராது.

இரண்டாவது மாற்றம் வலையின் உயரம். இறகுப்பந்து வலை ஐந்து அடி உயரத்தில் இருக்கும். பிக்கிள்பாலுக்கு ஓரங்களில் 36 அங்குலம், நடுவில் 34 அங்குலம். பழைய வலையையே இறக்கிக் கட்டினால், அதன் உயரம் இரண்டரை அடிதான் என்பதால், தரைக்கும் வலைக்கும் நடுவே அரை அடி இடைவெளி விழும். வேகமாக வரும் தாழ்வான பந்து அந்த இடைவெளி வழியே புகுந்து மறுபக்கம் போய்விடும்; வலைக்கு மேலே போனதா கீழே போனதா என்று நான்கு பேருக்கும் நான்கு கருத்து இருக்கும். எங்களில் ஒரு அண்ணன் காசிமேட்டில் மீன்வலை பின்னுகிற, கிழிசல் தைக்கிற குடும்பத்தைச் சேர்ந்தவர். அவர் ஒரு சனிக்கிழமை மாலை பழைய வலைத்துண்டு ஒன்றைக் கொண்டுவந்து, அடிப்பகுதி முழுவதையும் ஒரே சீராகக் கோத்துக் கட்டினார். கடலுக்குப் போய் ஓய்ந்த வலை இப்போது எங்கள் பந்தைத் தடுத்து நிறுத்துகிறது.

இப்படி இருப்பதைக் கொண்டு ஒப்பேற்றுவது இந்த ஆட்டத்தின் பிறப்பிலேயே இருக்கிறது என்பதைப் பின்னர் படித்துத் தெரிந்துகொண்டேன். 1965-ஆம் ஆண்டின் கோடையில், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள பெய்ன்பிரிட்ஜ் தீவில், ஜோயல் பிரிச்சர்டும் அவருடைய நண்பர் பில் பெல்லும் வீட்டில் சலிப்போடு இருந்த குடும்பத்தாருக்கு ஏதாவது விளையாட்டு வேண்டுமே என்று யோசித்திருக்கிறார்கள். இறகுப்பந்துக் கோர்ட் இருந்தது, சாமான்கள் முழுதாக இல்லை. மேசைப்பந்து மட்டைகளையும் துளையிட்ட பிளாஸ்டிக் பந்தையும் எடுத்துக்கொண்டு ஆடத் தொடங்கி, ஐந்து அடியில் இருந்த வலையைப் படிப்படியாக மூன்று அடிக்கு இறக்கியிருக்கிறார்கள். பார்னி மெக்கலம் என்ற நண்பரும் பின்னர் சேர்ந்துகொள்ள, விதிகள் உருவாயின. குடும்பமாக ஆடுவதற்கென்று பிறந்த ஆட்டம் என்பதால்தான், வயதிலும் பலத்திலும் வேறுபட்டவர்கள் ஒரே கோர்ட்டில் நின்று ஆடும்படி இதன் விதிகள் அமைந்திருக்கின்றன.

அந்த விதிகள் எனக்கு எளிதில் வசப்படவில்லை. காரணம் என் பழைய பூப்பந்தாட்டம்தான். அதில் கம்பளிப் பந்து தரையைத் தொடக்கூடாது. தொடுவதற்குள் பாய்ந்து அடித்தாக வேண்டும். முப்பது ஆண்டுகள் கழிந்தும் கைக்கு அந்தப் பழக்கம் மறக்கவில்லை. பிக்கிள்பாலிலோ, சர்வ் செய்த பந்து எதிரணியின் பக்கம் ஒரு முறை தரையில் பட்ட பின்பே அவர்கள் அடிக்க வேண்டும். அவர்கள் திருப்பி அனுப்பும் பந்தும் நம் பக்கம் ஒரு முறை பட்ட பின்பே நாம் அடிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பந்தை அந்தரத்தில் அடிக்கும் உரிமை இரு அணிக்கும் வருகிறது. முதல் நாள் நான் இழந்த புள்ளிகளில் பாதி, எங்கள் சர்வுக்குப் பிறகு முன்னே ஓடிவந்து, திரும்பி வந்த பந்தை அந்தரத்திலேயே அடித்ததால் போனவை. சர்வ் செய்யும் அணியினர் இருவரும் பின்கோட்டருகே காத்திருக்க வேண்டும். சர்வைப் பெறும் அணியில், பெறுபவரின் ஜோடி முன்னால் நிற்கலாம். இது ஒன்று மனதில் பதிந்தால் முதல் நாள் குழப்பத்தில் பாதி தீரும்.

மீதிப் பாதி ‘கிச்சன்’. வலையின் இருபுறமும் 7 அடி வரை உள்ள பகுதிக்கு எல்லோரும் அந்தப் பெயரைத்தான் சொல்கிறார்கள். அதற்குள் நின்றுகொண்டோ, அதன் கோட்டை மிதித்துக்கொண்டோ பந்தை அந்தரத்தில் அடிக்கக்கூடாது. அடித்த வேகத்தில் கால் உள்ளே போய்விட்டாலும் தவறுதான். பலர் நினைப்பதுபோல் உள்ளே போவதே குற்றம் அல்ல. பந்து அங்கே தரையில் பட்டுவிட்டால் தாராளமாக உள்ளே போய் எடுக்கலாம், அடுத்த பந்தை அந்தரத்தில் அடிப்பதானால் அதற்கு முன் வெளியே வந்துவிட வேண்டும், அவ்வளவுதான். உயரமும் பலமும் உள்ள இளைஞர் வலைக்கு மேல் நின்று ஓங்கி அறைவதை இந்த ஏழடிதான் தடுக்கிறது. நான் 49 வயதில் 22 வயதுப் பையன்களோடு ஆட முடிவதற்கு இந்த விதியைவிடப் பெரிய காரணம் எதுவும் இல்லை.

கிச்சனுக்குள் விழும்படி பந்தை மெல்லத் தட்டி அனுப்புவதை ‘டிங்க்’ என்கிறார்கள். வேகமாக அடிக்கத் தெரிந்தவர்கள் இதைக் கற்கத் திணறுவதையும், எங்கள் பகுதியின் கேரம் ஆட்டக்காரர்கள் இதைச் சட்டென்று பிடித்துக்கொள்வதையும் பலமுறை பார்த்துவிட்டேன். கேரம் வடசென்னையின் தெருவில் வளர்ந்த ஆட்டம். 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கப் பதக்கங்களை வென்ற காசிமா எங்கள் புது வண்ணாரப்பேட்டைப் பெண். காய் குழிவரை போய் விழுவதற்கு எவ்வளவு விசை போதுமோ அவ்வளவு மட்டும் கொடுக்கப் பழகிய விரல், மட்டையைப் பிடித்ததும் அதே அளவைக் கண்டுகொள்கிறது. எங்கள் குழுவில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவர் மாலையில் கேரம் கிளப்புக்குப் போகிறவர். அவர் கோர்ட்டில் அதிகம் ஓடுவதில்லை. வலைக்கு ஒரு சாண் மேலே, எதிரியின் கால்விரலுக்கு முன்னே பந்தை வைத்துக்கொண்டே இருப்பார். எதிரி பொறுமை இழந்து தூக்கி அடிக்கும்வரை வைத்துக்கொண்டே இருப்பார். எனக்கு டிங்க் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். “புடிய இறுக்காதம்மா, முட்டைய வெச்சிருக்கற மாதிரி வெச்சிக்க” என்றார். மணிக்கட்டை ஆட்டாமல், தோளிலிருந்து ஊஞ்சல்போல் கையை வீசுவதும், பிடியைத் தளர்த்துவதும் எனக்குக் கைவர இரண்டு மாதம் ஆயிற்று.

எண்ணிக்கை சொல்வது புதியவர்கள் எல்லோரையும் மிரட்டும் இன்னொரு விஷயம். இரட்டையர் ஆட்டத்தில் ஒவ்வொரு சர்வுக்கு முன்பும் மூன்று எண்களைச் சொல்ல வேண்டும்: சர்வ் செய்யும் அணியின் புள்ளி, எதிரணியின் புள்ளி, சர்வ் செய்பவர் தம் அணியில் முதலாமவரா இரண்டாமவரா என்பது. சர்வ் செய்யும் அணிக்கு மட்டுமே புள்ளி கிடைக்கும். முதலாமவர் தவறவிட்டால் இரண்டாமவருக்கு வாய்ப்பு. அவரும் தவறவிட்டால் சர்வ் எதிரணிக்குப் போகும். ஆட்டத்தை முதலில் தொடங்கும் அணிக்கு மட்டும் ஒருவரே சர்வ் செய்யலாம் என்பதால், தொடக்க எண்ணிக்கை ‘சைபர் சைபர் ரெண்டு’. கணக்கு எழுதுபவள் என்பதால் இது எனக்குப் பிடித்துப்போனது. குரல் எழுப்பவே கூச்சப்பட்டுக்கொண்டிருந்த நான், எண்களை உரக்கச் சொல்லிப் பழகியபோதுதான் அந்தக் கோர்ட்டில் உரிமையோடு நிற்பதாக உணர்ந்தேன். புதியவர்களிடம் எண்ணிக்கை சொல்லும் பொறுப்பைக் கொடுங்கள், தவறினால் திருத்திக்கொள்ளலாம்.

சர்வ் வரவில்லையே என்று வருந்துபவர்களுக்கு ஓர் எளிய வழி உண்டு. பந்தை அந்தரத்தில் அடித்து சர்வ் செய்தால் இடுப்புக்குக் கீழே, கை கீழிருந்து மேலே போகும்படி அடிக்க வேண்டும். அதற்குப் பதிலாக, பந்தைக் கையிலிருந்து சும்மா விழவிட்டு, அது தரையில் பட்டு எழும்பும்போது அடிக்கவும் விதி இடம் தருகிறது. பந்தைத் தரையை நோக்கி எறியவோ மேலே தூக்கிப் போடவோ கூடாது. குறுக்காக எதிர்க் கட்டத்தில், கிச்சன் கோட்டைத் தாண்டி விழ வேண்டும். சர்வ் கிச்சன் கோட்டில் பட்டால் தவறு, மற்றக் கோடுகளில் பட்டால் சரி. நான் இன்றும் விழவிட்டுத்தான் சர்வ் செய்கிறேன்.

ஜோடியாக ஆடுவதில் பெண்களுக்கு வரும் ஒரு சிக்கலை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். என்னோடு ஜோடி சேர்ந்த இளைஞர்களில் சிலர், எனக்கு உதவுவதாக எண்ணி, என் பக்கம் வரும் பந்தையும் பாய்ந்து அடித்துவிடுவார்கள். முக்கால் மணி நேரம் காத்திருந்து உள்ளே போய், பத்து நிமிடத்தில் நான்கு பந்து அடித்துவிட்டு வெளியே வந்த நாட்கள் உண்டு. அவர்களிடம் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் இப்படியே விட்டால் நான் கற்கப்போவதும் இல்லை. ஒரு நாள் ஆட்டத்துக்கு முன்பே சொன்னேன்: “தம்பி, என் பக்கம் வர்றது நான் விட்டாலும் பரவால்ல, நானே எடுக்கறேன். நடுவுல வர்றது மட்டும் யாருக்கு உள்ளங்கைப் பக்கமா அடிக்க வாட்டமோ அவங்க எடுக்கலாம்.” அவர் உடனே ஒப்புக்கொண்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்பு இதைப் பேசிக்கொள்கிறேன். பந்து வரும்போது ‘நான்’, ‘நீ’ என்று குரல் கொடுக்கிறோம். இதனால் இரண்டு மட்டைகள் மோதிக்கொள்வதும் குறைந்தது. இன்னொன்று, எதிரணியில் பலவீனமானவரைப் பார்த்துப் பார்த்து அவர் பக்கமே அடிப்பது. போட்டியில் அது நியாயமான உத்தி. பொது ஆட்டத்தில் அது ஒருவரை ஊரைவிட்டே துரத்தும் செயல் என்பது என் உறுதியான எண்ணம். எங்கள் குழுவில் கடைசி அரை மணி நேரத்தைப் போட்டி ஆட்டத்துக்கென்று ஒதுக்கியிருக்கிறார்கள். முழு வேகத்தில் ஆட விரும்பும் பையன்கள் அப்போது ஆடிக்கொள்கிறார்கள், அதுவரை எல்லோருக்கும் ஈடுகொடுத்து ஆடுகிறார்கள். கோட்டில் பட்டதா வெளியே விழுந்ததா என்பதை அந்தப் பக்கத்து அணிதான் சொல்ல வேண்டும். ஐயமிருந்தால் எதிரணிக்குச் சாதகமாகச் சொல்லிவிட வேண்டும். நடுவர் இல்லாத ஆட்டம் நிலைப்பது இந்த ஒரு வழக்கத்தால்தான்.

மூன்றாம் வாரம் நான் விழுந்தேன். தலைக்கு மேல் உயரமாக வந்த பந்தைப் பார்த்தபடியே பின்னோக்கி நடந்து, குதிகால் தடுக்கி, இடது கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு வீங்கிவிட்டது. எலும்பு முறியவில்லை, மூன்று வாரம் கட்டோடு இருந்தேன். நடுவயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இந்த ஆட்டத்தில் மிக ஆபத்தான அசைவு இதுதான். உயரப் பந்து வந்தால் உடம்பைத் திருப்பி, பக்கவாட்டில் ஓட வேண்டும். முடியாவிட்டால் விட்டுவிட வேண்டும், ஒரு புள்ளிதானே போகும். அன்று நான் அணிந்திருந்தது நடைப்பயிற்சிக்கான காலணி. அதன் தடித்த, மெத்தென்ற அடிப்பாகம் முன்னோக்கி நடக்க நல்லது. பக்கவாட்டில் சட்டென்று நகரும்போது கணுக்காலைப் பிசகவிடும். தட்டையான அடிப்பாகம் கொண்ட கோர்ட் காலணி வாங்கிய பிறகு கால் ஊன்றி நிற்கிறது. மட்டையை முதல் இரண்டு மாதம் இரவல் வாங்கி ஆடலாம், காலணியை முதல் வாரமே வாங்க வேண்டும் என்று புதிதாக வருபவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கெண்டைக்காலையும் குதிகால் நரம்பையும் ஐந்து நிமிடமாவது நீட்டி இளக்கிய பிறகே உள்ளே போக வேண்டும். காத்திருந்து ஆறிப்போன உடம்போடு மறுபடி நுழையும்போதும் அப்படியே. கிச்சன் கோட்டில் எதிரெதிரே நிற்கும் இருவருக்கு இடையே 14 அடிதான் இருக்கிறது என்பதால் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி நல்லது. இரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு தொடங்குவதே முறை.

எங்கள் ஊருக்கென்று சில பாடங்களும் உண்டு. பந்தின் எடை 22 முதல் 26 கிராம் வரைதான், உடம்பெல்லாம் துளை. எனவே காற்று சொன்னபடி கேட்கும். திறந்தவெளியில் ஆடுவதற்கான பந்தில் சிறிய துளைகள் 40 இருக்கும், உள்ளரங்கப் பந்தில் பெரிய துளைகள் 26. வெளியே ஆடுவதற்கு முதல் வகையே சரி. கோர்ட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம். கோடையில் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று எழுந்தால் மாலைவரை கிழக்கிலிருந்து வீசிக்கொண்டே இருக்கும். எங்கள் கோர்ட் வடக்குத் தெற்காக இருப்பதால், மாலை ஆட்டத்தில் மேற்கு ஓரத்தைக் குறிவைத்து அடித்த பந்து வெளியே போய்த்தான் விழும். கோட்டிலிருந்து இரண்டடி கிழக்கே குறிவைக்கப் பழக வேண்டும். வெயிலில் பந்தின் பிளாஸ்டிக் இளகி, எழும்பும் விதமும் மாறுகிறது; கீறல் விட்ட பந்தை அதன் சத்தமே காட்டிக்கொடுத்துவிடும். சித்திரை, வைகாசி மாதங்களில் நாங்கள் ஐந்தே முக்காலுக்குத் தொடங்கி ஏழரைக்கு முடித்துவிடுகிறோம். கடலோரப் புழுக்கத்தில் வியர்வை ஆறுவதில்லை, வெறும் தண்ணீர் போதாது. உப்புப் போட்ட மோரை ஒருவர் தூக்கில் கொண்டுவருவார். தலை சுற்றினாலோ உடம்பு சிலிர்த்தாலோ உடனே நிழலுக்குப் போய்விட வேண்டும் என்பதில் யாருக்கும் விலக்கு இல்லை. பந்து, வலைக்கயிறு, கூட்டிப் பெருக்கும் அம்மாவுக்கான கூலி எல்லாவற்றுக்கும் ஆளுக்கு வாரம் 40 ரூபாய் போடுகிறோம்.

கடைசியாகச் சத்தம். இதை யாரும் முன்கூட்டி எச்சரிக்கவில்லை. கடினமான மட்டையில் கடினமான பந்து படும் ‘டொக்’ ஓசை, நெருக்கமாகக் கட்டிய வீடுகளுக்கு நடுவே எதிரொலித்து, கேட்பவரின் தலைக்குள் இறங்கிவிடும். ஒரு ஞாயிறு காலை, கோர்ட்டை ஒட்டிய முதல் மாடியிலிருந்து ஒருவர் இறங்கி வந்தார். மணலியில் இரவு ஷிப்ட் முடித்து வந்தவர். சண்டை போடவில்லை. “இப்பதான் படுத்தேன். மண்டையில அடிக்கற மாதிரி கீதுப்பா” என்றார். எங்களில் சிலருக்கு, குடியிருப்போர் சங்கத்தில் அனுமதி வாங்கித்தானே ஆடுகிறோம் என்ற எண்ணம். ஆனால் துறைமுகம், மணலி, எண்ணூர் என்று இரவில் உழைத்துப் பகலில் உறங்கும் மனிதர்களால் நிறைந்த பகுதி இது. எங்கள் குழுவிலேயே அப்படிப்பட்டவர்கள் நான்கு பேர் இருக்கிறார்கள். அந்த வாரமே மூன்று பேர் அவருடைய வீட்டுக்குப் போய்ப் பேசினோம். அவருக்கு மாதத்தில் ஒரு வாரமோ இரண்டு வாரமோதான் இரவு ஷிப்ட் என்பது அப்போதுதான் தெரிந்தது. சத்தம் எழுப்பாத நுரைப்பந்து கிடைக்கிறது என்று அறிந்து இரண்டு வாங்கினோம். அது மெதுவாகப் போகும், எழும்புவதும் வேறு மாதிரி. பையன்களுக்கு அது பிடிக்கவில்லை, டிங்க் பழகும் எனக்கு அது மிகவும் உதவியாக இருந்தது.

அவருடைய மனைவிதான் ஓர் ஏற்பாட்டைச் சொன்னார். கணவர் இரவு ஷிப்ட் முடித்து வந்து படுத்திருக்கும் நாளில் பால்கனிக் கம்பியில் ஒரு மஞ்சள் துண்டைக் கட்டிவிடுவார். துண்டு தெரிந்தால் நுரைப்பந்து, தெரியாவிட்டால் வழக்கமான பந்து. வலை கட்ட முதலில் வருபவர் மாடியைப் பார்த்துவிட்டுத்தான் பையைத் திறப்பார். போன ஞாயிறு முதலில் போனது நான். துண்டு இல்லை. பால்கனியில் அந்தக் கணவரே டம்ளரும் கையுமாக நின்றுகொண்டிருந்தார். “இன்னிக்கு எத்தினி பேரு வருவீங்க?” என்று கேட்டார். பத்துக்கு மேல் வருவோம் என்றேன். அப்படியானால் ஏழு புள்ளி ஆட்டமா என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டு, திண்ணையில் என் மட்டையை முதலாவதாக வைத்தேன்.